மழை விட்டபின் வந்த வெள்ளமும் லுவார் நதிப் பாடமும்

2024 டிசம்பர் முதல் வாரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பிறகு மழை விட்டு, வானம் வெளுத்தது. அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில் பாகூர்ப் பக்கத்திலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துட்டுது."

பக்கத்தில் இருந்த பேத்தி (நான்காம் வகுப்பு) கேட்டாள்: "மழைதான் நின்னுடுச்சே தாத்தா, அத்தைப் பாட்டி வீட்டுக்கு இப்ப எங்கேருந்து தண்ணி வருது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதல்ல, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நதிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சநஞ்சமா சொல்லிக்கொடுத்தார்கள்! லுவார் நதி எங்கே பிறக்கிறது என்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் "மோன் ஜெர்பியே தெ ழோன்" என்று சொல்வேன். பிரான்சில் பள்ளிக்கூடம் போன எந்தக் கிழவரும் அதைச் சொல்வார். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். செய்ன் 777. ரோன் சுவிட்சர்லாந்தின் பனியாற்றில் பிறந்து ஜெனிவா ஏரிக்குள் புகுந்து வெளியே வருவது. கரோன் ஸ்பெயின் நாட்டு மலையில் பிறப்பது. வகுப்பில் ஒரு பெரிய துணிப் படம் தொங்கும். முன்பக்கம் பெயர்கள் இருக்கும். பின்பக்கம் அதே படம் பெயரில்லாமல், 'ஊமைப் படம்'. முசியே படத்தைத் திருப்பிப் போட்டுப் பிரம்பால் தொடுவார், நாங்கள் பெயர் சொல்லவேண்டும். தவறினால் அதே பிரம்புக்கு வேறு வேலை.

அந்த மாதிரிப் படங்களை 1885 முதல் போட்டுப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குக் கொடுத்தவர் விதால் தெ லா பிளாஷ் என்ற புவியியல் பேராசிரியர். இது ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

ஆற்று வடிநிலம் என்பதைப் பிரெஞ்சில் 'பஸ்ஸேன்' என்பார்கள். தண்ணீர் பிடிக்கும் தொட்டிக்கும் அதே சொல். விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, உள்ளே விழுகிற மழையெல்லாம் ஒரே ஆற்றில் சேர்ந்துவிடும். பிள்ளைகளுக்குப் புரியவைக்க நல்ல உவமைதான். ஆனால் இந்த உவமையே ஒரு காலத்தில் பெரிய தவறில் கொண்டுபோய்விட்டது.

ஃபிலிப் புவாஷ் என்று அரசரின் புவியியலாளர் ஒருவர் இருந்தார். 1752இல் அறிவியல் கழகத்தின் முன் அவர் ஒரு கருத்தை வைத்தார். பூமி முழுவதும் மலைத் தொடர்கள் எலும்புக்கூடு போலப் பின்னிக் கிடக்கின்றன, கடலுக்கு அடியிலும் அவை தொடர்கின்றன, ஆற்று வடிநிலங்களைப் பிரிப்பவை அந்த மலைகள்தான் என்றார். தட்டென்றால் விளிம்பு வேண்டுமல்லவா! அவருக்குப் பின் படம் வரைந்தவர்கள் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் எங்கெல்லாம் நீர்பிரி கோடு வந்ததோ அங்கெல்லாம் ஒரு மலைத் தொடரை வரைந்து தள்ளினார்கள். வெறும் சமவெளியிலும் மலை முளைத்தது. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத மலைகளை மனப்பாடம் செய்தார்கள்.

இத்தனைக்கும் உண்மை அவர்கள் நாட்டிலேயே கண்முன் இருந்தது. தெற்கே நொரூஸ் என்று ஓர் இடம். அட்லாண்டிக் பக்கம் ஓடும் தண்ணீரும் மத்தியதரைக் கடல் பக்கம் ஓடும் தண்ணீரும் பிரிகிற இடம் அதுதான். மலையா என்றால் இல்லை, உயரம் இருநூறு மீட்டர்கூட இல்லாத ஒரு மேடு. அதைக் கண்டுகொண்ட பியேர் போல் ரிக்கே, மலை ஓடைகளின் தண்ணீரை அங்கே கொண்டுவந்து இரு பக்கமும் பிரித்துவிட்டு, 1666இல் தொடங்கி இரு கடலையும் இணைக்கும் கால்வாய் வெட்டினார். புவாஷ் பேசுவதற்கு எழுபது வருடம் முன்பே, 1681இல், அதில் படகு போக ஆரம்பித்துவிட்டது. கால்வாய் வெட்டுகிறவனுக்குத் தெரிந்தது புத்தகம் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

விதால் 1888இல் இந்தப் பாட முறையையே தாக்கி எழுதினார். பிரான்சின் மத்தியப் பீடபூமி ஒரே மாதிரியான நிலம். அதன் தண்ணீர் லுவாருக்கும் கரோனுக்கும் ரோனுக்கும் போகிறது என்பதற்காக அதை மூன்று துண்டாக்கிப் பாடம் நடத்துவது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் வெள்ளம் வரும்போது நமக்கு வேண்டியது வடிநிலம்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஆற்றைச் சொல்லிக்கொடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் எலிசே ரெக்ளூ. 1869இல் 'ஓர் ஓடையின் வரலாறு' என்று ஒரு சிறிய நூல் எழுதினார். அதில் பட்டியல் கிடையாது. ஊற்றில் தொடங்கி, குகை, பள்ளத்தாக்கு, வெள்ளம், குளியல், மீன்பிடிப்பு, பாசனம், ஆலை, நகரத்துக்குள் தண்ணீர் என்று ஓடையோடு கூடவே நடக்கிறார். கடலில் சேர்ந்து மேகமாகித் திரும்புவதில் முடிக்கிறார். இரண்டு வருடம் கழித்து, பாரிஸ் கம்யூன் எழுச்சியில் சேர்ந்ததற்காக அவரைச் சிறையில் போட்டு, பிறகு நாடு கடத்தினார்கள். எங்கள் பள்ளியில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் முசியே சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு இன்றும் உதவுகிறது. பிரெஞ்சில் ஆற்றுக்கு இரண்டு சொல். கடலில் போய் விழுந்தால் 'ஃப்ளெவ்', இன்னோர் ஆற்றில் சேர்ந்தால் 'ரிவியேர்'. நீளம் கணக்கில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மார்ன் வெறும் ரிவியேர். நோர்மாந்தியில் ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லாத வெல் என்பது ஃப்ளெவ். அப்படியென்றால் நம் யமுனை ரிவியேர், வில்லியனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சங்கராபரணி ஃப்ளெவ்! இதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பாலத்தின் மேல் நடந்துதான் பள்ளிக்குப் போனோம். அது செஞ்சி மலைப் பக்கம் பிறப்பது என்பதை நான் அறிந்தது வேலைக்கு வந்தபின், ஒரு கோப்பில்.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு சார்ட் அட்டையை விரித்தேன். புதுச்சேரிப் பகுதி 293 சதுர கிலோமீட்டர், அதுவும் துண்டு துண்டாக. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப்புகளிடம் பெற்ற கிராமங்கள், பிறகு ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தவை. எல்லைக் கோடு போட்டவர்கள் தண்ணீரைப் பார்த்துப் போடவில்லை. எல்லைகளை வரையாமல் ஆற்றை மட்டும் வரைந்தேன். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஒசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக நம் தெற்கு ஓரத்துக்கு வருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பங்காரு வாய்க்கால் பிரிந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி நம்மிடம். அதே போல சங்கராபரணியின் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு வருகிறது.

"நம்ம ஊர்ல மழை நின்ன அன்னிக்கு ஊத்தங்கரையில பெஞ்சுது" என்று மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அது பாம்பாற்றில் இறங்கி, பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்கு வந்தது. அணை தாங்காமல் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் அத்தைப் பாட்டி வாசலில்.

அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல மலை இல்லையா தாத்தா? சங்கராபரணித் தண்ணியும் பெண்ணைத் தண்ணியும் எப்படிப் பிரியுது?"

அடடா, புவாஷ் கேட்ட கேள்வி! மலை இல்லை, கண்ணுக்குத் தெரியாத மேடுதான், வெள்ளம் வடிந்ததும் காட்டுகிறேன் என்றேன்.

தங்கை வீட்டில் தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. இரண்டு மூட்டை நெல்லும் பழைய தையல் மிஷினும் போயிற்று, உயிருக்குச் சேதமில்லை. பொங்கல் முடிந்து ஆற்றுத் திருவிழாவுக்குப் பேத்தியைப் பெண்ணைக் கரைக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு வாய்க்காலிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தாள். ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் ஐம்பது ரூபாய் அதிகம் கேட்டார். கொடுத்துவிட்டேன்.