விஷம் மருந்தான கதை

1/ கழுத்து தானா ஒரு பக்கம் இழுத்துக்கிற நோயோட தீர்த்தமலைல இருந்து வந்தவர் கேட்டார்: "போடாக்ஸ் விஷமாமே, மூளைக்குப் போயிடாதா டாக்டர்?"

2/ நியாயமான பயம். ஜெர்மனியில கெட்டுப்போன சாசேஜ் இறைச்சி சாப்பிட்டுப் பலர் இறந்தாங்க. அதை ஆராய்ந்த டாக்டர் யுஸ்டினஸ் கெர்னர் 1822-ல எழுதினார்: தசைக்குப் போற நரம்புக் கட்டளை நின்னுடுது, ஆனா புத்தி தெளிவா இருக்கு. சிறு அளவுல மருந்தாகலாம்!

3/ ஆலன் ஸ்காட் அதை மாறுகண்ணுக்கு ஊசியாக்கினார். அமெரிக்க அனுமதி 1989-ல; கழுத்து இழுப்புக்கு 2000-ல.

4/ சிகிச்சை அளவுல மருந்து பெரும்பாலும் தசையிலேயே தங்கும். ஆனா தசை தளர்ந்தா, அங்கிருந்து மூளைக்குப் போற தகவலும் மாறும். அதனால மூளையோட செயல்பாடும் தற்காலிகமா மாறுது.

5/ சுமார் 3 மாசத்துல பழையபடி இழுக்கும்; அதான் திரும்ப ஊசி. பயந்து பாதியில விட்டுடாதீங்க. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம்னா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.