தஞ்சாவூரில் இரண்டாம் தடவை

முதல் தடவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனபோது எல்லாரையும் போல அண்ணாந்துதான் பார்த்தேன். 1010 இல் கட்டி முடிக்கப்பட்ட கோயில். 60 மீற்றருக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானம். ‘எங்கட ஆக்கள் கட்டினது’ எண்டு பெருமையாக இருந்தது. விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்ற கதையையும் நம்பிக்கொண்டு திரும்பினேன்.

இந்தமுறை பின்னேரம் போனேன். நிழல் வடிவா நிலத்தில் நீண்டு கிடந்தது.

கல்வெட்டுகள் பற்றிக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போனபடியால், இந்தமுறை கண் கீழேதான் நின்றது. அடித்தளத்திலும் சுவர்களிலும் வரிவரியாக எழுத்து. இராஜராஜன் கொடுத்தவை, அவன் அக்கா குந்தவை கொடுத்தவை, அரசிகளும் அதிகாரிகளும் கொடுத்தவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. வேறு வேறு கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் கணக்கும் உண்டு. ஆளின் பெயர், எந்த ஊர்க் கோயில், இங்கே எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று விபரமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். வர விருப்பமா எண்டு அவர்களைக் கேட்டார்களா? அது கல்லில் இல்லை.

எங்களுக்கு இன்னும் கிட்டிய செய்தியும் அங்கே இருக்கிறது. ஈழத்துக்குச் சோழர் வைத்த பெயர் மும்முடிச்சோழ மண்டலம். அங்குள்ள சில ஊர்களின் வருமானத்தை இராஜராஜன் இந்தக் கோயிலுக்கு எழுதிவைத்தான். அந்த ஊர்கள் படையெடுத்துப் பிடித்தவை. அவனுடைய மகன் இராஜேந்திரனின் காலத்தில் அரசன் ஐந்தாம் மகிந்தனையே பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் ஊர் திரும்பவேயில்லை.

சோழர் எண்டால் இங்கே ரெண்டு கதைதான். ஒரு பக்கம் ஆக்கிரமிப்பாளர், மற்றப் பக்கம் எங்கட வீரப் பரம்பரை. பொலன்னறுவையில் அவர்கள் கட்டிய சிவன் கோயிலுக்கு முன்னால் நின்றும் இதைத்தான் கதைக்கிறோம். ரெண்டு கதையிலும் அரசர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

கோயிலின் அழகு எனக்கு இப்பவும் குறையவில்லை. ஆனால் ‘எங்கட’ எண்டு சொல்ல முதல் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஈழத்து ஊர்களில் நெல் விதைத்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் எண்டு கல்வெட்டு சொல்லவில்லை. எவ்வளவு வரும் எண்ட கணக்குத்தான் கோயிலுக்குத் தேவைப்பட்டது.