6 வாரத்தில் 3 பதக்கம், அப்புறம்? ஆஷிஷ் குமாரின் கரியர் சொல்லும் கணக்கு

மைசூரு போனவர்கள் ஜகன்மோகன் அரண்மனையில் ரவி வர்மா ஓவியங்களைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். அதே அரண்மனையின் ஒரு பகுதியில் 1933-ல் ஒரு யோகசாலை தொடங்கியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் அதை நடத்தியவர் டி. கிருஷ்ணமாச்சாரியார். இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றிருக்கும் பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் இருவரும் அவருடைய மாணவர்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மைசூரு அரண்மனையின் யோக மரபை ஆராய்ந்து 1996-ல் புத்தகம் எழுதிய நார்மன் ஷோமன், கிருஷ்ணமாச்சாரியாருக்குக் கிடைத்த இடம் அரண்மனையின் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் என்கிறார். ஆக, ஜிம்னாஸ்டிக்ஸ் நமக்கு நேற்று வந்த விளையாட்டு இல்லை. விழுப்புரத்தில் பசங்க மல்லர் கம்பம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, உடம்பை வளைப்பதில் நமக்குக் குறை இருக்கிறது என்ற நினைப்பே வராது.

பிறகு ஏன் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸில் இந்திய ஆண்களைக் காணோம்? பதில் தேட, பதக்கத்தோடு திரும்பிய ஒரு வீரரின் கரியரைப் பார்ப்போம்.

யார் இந்த ஆஷிஷ் குமார்?

உத்தரப்பிரதேசத்தின் அலகாபாத்தைச் சேர்ந்தவர். 1990-ல் பிறந்தவர். 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் ஃப்ளோர் பிரிவில் வெண்கலமும், வால்ட் பிரிவில் வெள்ளியும் வாங்கினார். காமன்வெல்த் விளையாட்டின் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் இவைதான்.

அடுத்த மாதமே சீனாவின் குவாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. அங்கேயும் ஃப்ளோரில் வெண்கலம். ஆசிய விளையாட்டு ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. சுமார் ஆறு வாரத்தில் மூன்று பதக்கங்கள். அப்போது அவருக்கு வயது 20-ஐ ஒட்டி. நம்மில் பலர் காலேஜ் அரியரை எண்ணிக்கொண்டிருந்த வயசு.

2011-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. அந்த வருஷம் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸின் எதிர்காலம் என்றாலே அவர் பெயர்தான்.

மூன்று பதக்கம் அவ்வளவு பெரிய விஷயமா?

முதலில் பின்னணியைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட இந்திய ஆண் ஜிம்னாஸ்டுகள் மொத்தம் 11 பேர். 1952 ஹெல்சிங்கியில் 2, 1956 மெல்போர்னில் 3, 1964 டோக்கியோவில் 6. அவ்ளோதான். 1964-க்குப் பிறகு, 2024 பாரிஸ் வரை, ஒரு இந்திய ஆண் ஜிம்னாஸ்டும் ஒலிம்பிக் மேடை ஏறவில்லை.

அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஒருவர் வந்து, சீனாவும் ஜப்பானும் தென்கொரியாவும் போட்டியிடும் ஆசிய ஃபைனலில் பதக்க மேடை ஏறுகிறார். இந்த மூன்றும் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் உலக அளவில் பதக்கம் குவிக்கும் நாடுகள். ஆசிய வெண்கலம்தானே என்று இதைச் சுருக்கிவிட முடியாது.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

ஆண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பிரிவுகள்: ஃப்ளோர், பொம்மல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார். ஆஷிஷின் பலம் ஃப்ளோரும் வால்ட்டும். இரண்டுமே காலின் வெடிப்பு வேகத்தையும், தரையில் ஆடாமல் இறங்குவதையும் நம்பியவை.

ஃப்ளோர் என்பது 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரம். ஒரு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும் நேரத்துக்குள் தொடர் குட்டிக்கரணங்களை முடிக்க வேண்டும். வால்ட்டில் ஓடி வந்து, ஸ்பிரிங்போர்டில் மிதித்து, மேசையில் கை ஊன்றி, காற்றில் சுழன்று இறங்க வேண்டும். வால்ட் ஃபைனலில் இரண்டு வெவ்வேறு வால்ட் செய்து அதன் சராசரியை எடுப்பார்கள்.

பழைய ‘பெர்ஃபெக்ட் 10’ முறை 2006-லேயே போய்விட்டது. இப்போது இரண்டு மதிப்பெண்கள். செய்த வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு டி ஸ்கோர்; இதற்கு உச்ச வரம்பு இல்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு இ ஸ்கோர். இது 10-ல் தொடங்கும், தவறுக்குத் தவறு குறையும். சின்னத் தவறுக்கு 0.1, நடுத்தரத் தவறுக்கு 0.3, பெரிய தவறுக்கு 0.5, கீழே விழுந்தால் 1.0. இரண்டையும் கூட்டினால் மொத்தம்.

ஒரு உதாரணக் கணக்கு: டி ஸ்கோர் 5.6, இ ஸ்கோர் 9.0 என்றால் மொத்தம் 14.6. இறங்கும்போது விழுந்துவிட்டால் 13.6. இந்த ஒரு புள்ளியின் மதிப்பு என்ன தெரியுமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் ஃப்ளோரில் தங்கம் 15.000, வெள்ளி 14.966. வித்தியாசம் 0.034.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேலே போக வேண்டுமானால் டி ஸ்கோரை ஏற்ற வேண்டும். அதற்குப் புது வித்தை பழக வேண்டும். புது வித்தையை நேராகக் கடினத் தரையில் பழக முடியாது. ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழி, ஸ்பிரிங் வைத்த ஃப்ளோர், கூடவே நின்று தாங்கிப் பிடிக்கத் தெரிந்த கோச், எல்லாம் வேண்டும். இவை நின்றுபோனால் வீரர் பழைய வித்தைகளோடு அதே இடத்தில் நிற்பார். டி ஸ்கோருக்கு வரம்பு இல்லாத ஆட்டத்தில் மற்றவர்கள் ஏறிக்கொண்டே போவார்கள். இதோடு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை விதிப் புத்தகமும் மாறும். 2025-ல் தொடங்கிய சுற்றில், ஆண்களுக்குக் கணக்கில் எடுக்கும் வித்தைகளின் எண்ணிக்கை 10-லிருந்து 8 ஆகக் குறைந்திருக்கிறது. இப்படி மாறும்போதெல்லாம் ரொட்டீனைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

ஒரு ஜிம்னாஸ்டுக்கு எத்தனை வருஷம் கையில் இருக்கும்?

இப்போதைய விதிப்படி, 18 வயதாகும் ஆண்டில்தான் ஆண்கள் சீனியர் போட்டிக்கு வர முடியும். பெரும்பாலானவர்களின் உச்சம் இருபதுகளின் முற்பாதியும் நடுப்பகுதியும். ருமேனியாவின் மரியன் டிராகுலெஸ்கு மாதிரி 40 வயது வரை வால்ட் செய்தவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் விதிவிலக்கு. ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்குகிறது. உடம்பு அதை ஒரு அளவுக்குத்தான் தாங்கும்.

நமக்கு கரியரில் இரண்டு வருஷம் கேப் விழுந்தால், இன்டர்வியூவில் ஒரு விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம். ஜிம்னாஸ்டுக்கு 20 முதல் 25 வரை இருக்கும் வருஷங்கள்தான் சம்பளம், போனஸ், ப்ரமோஷன் எல்லாமே. ஆஷிஷுக்கு அது 2010 முதல் 2015 வரை.

அந்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது?

டெல்லி போட்டிக்கு முன் இந்திய அணிக்கு விளாடிமிர் செர்ட்கோவ் என்ற வெளிநாட்டுப் பயிற்சியாளர் இருந்தார். சொந்த நாட்டில் காமன்வெல்த் என்பதால் முகாம்களுக்கும் கவனம் கிடைத்தது. பதக்கம் அந்தச் சூழலில்தான் வந்தது.

2010 முடிந்ததும் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்துக்குள் கோஷ்டிப் பூசல் முற்றியது. அரசு அங்கீகாரம் போனது. அது திரும்பக் கிடைத்தது 2021-ல்தான். அதற்குள் ஆஷிஷ் முப்பதைத் தொட்டிருந்தார்.

அங்கீகாரம் ஒரு காகிதம்தானே என்று நினைக்க வேண்டாம். தேசிய முகாம், வெளிநாட்டுப் போட்டிக்கான செலவு, அணித் தேர்வு எல்லாம் வழக்கமாக அங்கீகாரம் பெற்ற சம்மேளனம் வழியாகத்தான் நடக்கும். யார் அசல் சம்மேளனம் என்ற சண்டை முடியும் வரை, வீரர் எந்த வாசலில் போய் நிற்பார்?

ஆஷிஷ் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துக்கும், 2018 கோல்ட் கோஸ்ட்டுக்கும் இந்திய அணியில் போனார். பதக்கம் வரவில்லை. 2022 பர்மிங்ஹாம் வரை பார்த்தால், காமன்வெல்த் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவுக்கு மொத்தம் மூன்று பதக்கம். அதில் இரண்டு அவருடையவை. ஆசிய விளையாட்டின் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் 2010-ல் அவர் வாங்கிய வெண்கலத்துக்குத் துணையாக, 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டி வரை, இன்னொன்று சேரவில்லை.

அப்ப தீபா கர்மாகர் எப்படி ஜெயிச்சார்?

நியாயமான கேள்வி. அந்த மூன்றாவது காமன்வெல்த் பதக்கம் அவருடையதுதான்: 2014 கிளாஸ்கோ, வால்ட் வெண்கலம். 2016 ரியோவில் ஒலிம்பிக் வால்ட் ஃபைனலில் நான்காம் இடம். அவர் எடுத்தது 15.066, வெண்கலம் போனது 15.216-க்கு. 0.150 புள்ளியில் பதக்கம் தவறியது. 2024-ல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வென்று, அதே ஆண்டு ஓய்வு பெற்றார்.

சம்மேளனச் சண்டை நடந்த அதே காலகட்டம்தான் இதுவும். அவருக்கு இருந்த பெரிய வித்தியாசம், அகர்தலாவில் பிஷ்வேஷ்வர் நந்தி என்ற ஒரே பயிற்சியாளர் வருஷக்கணக்கில் கூடவே இருந்தது. பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துச் செய்த உபகரணத்தில் பயிற்சி நடந்த கதையை அப்போது நாமெல்லாம் பெருமையாக ஷேர் செய்தோம். அதை இப்போது திரும்ப யோசித்தால், பெருமையோடு கொஞ்சம் வெட்கமும் வர வேண்டும். ஒரு கோச்சின் பிடிவாதத்தை ஒரு நாட்டின் திட்டம் என்று எண்ணிக்கொள்ள முடியாது.

அதே இரண்டு பிரிவுகள், வேறு முடிவு

இன்னொரு பெயரையும் பக்கத்தில் வையுங்கள்: பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ. பிறந்தது 2000-ல். மணிலாவில் ரிசால் மெமோரியல் வளாகத்தில் பழகத் தொடங்கியவர். அவருடைய பலமும் ஃப்ளோர், வால்ட்தான். அவருடைய நாட்டுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸில் பெரிய வரலாறு இல்லை.

ஜப்பானியப் பயிற்சியாளர் முனேஹிரோ குகிமியா அவரைப் பழக்கினார். 2016-ல் யூலோ ஜப்பானுக்கே பயிற்சிக்குப் போனார். 2018 உலக சாம்பியன்ஷிப்பில் ஃப்ளோர் வெண்கலம். அப்போது வயது 18. அதாவது ஆஷிஷின் 2010 மாதிரியான தருணம்.

அதற்கு அடுத்த வருஷங்களைக் கவனியுங்கள். 2019-ல் ஃப்ளோரில் உலகத் தங்கம். 2021 டோக்கியோ ஒலிம்பிக் வால்ட்டில் நான்காம் இடம். சில மாதத்திலேயே வால்ட்டில் உலகத் தங்கம். 2024 பாரிஸில் ஃப்ளோரிலும் வால்ட்டிலும் ஒலிம்பிக் தங்கம், அடுத்தடுத்த நாளில். முதல் உலகப் பதக்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் நடுவே ஆறு வருஷம். 2023-ல் குகிமியாவைப் பிரியும் வரை, அதில் பெரும்பகுதி ஒரே கோச், ஜப்பானிய வசதி.

ஆஷிஷுக்கு இதே ஏற்பாடு கிடைத்திருந்தால் ஒலிம்பிக் தங்கம் வந்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. யூலோவின் திறமை தனி ரகம். ஆனால் ‘வந்திருக்குமா’ என்று பார்க்கும் வாய்ப்பே ஆஷிஷுக்குக் கிடைக்கவில்லை. இழப்பு அதுதான்.

சரி, இதிலிருந்து நீங்கள் எதைக் கவனிக்கலாம்?

திரும்ப மைசூருவுக்கு வருவோம். மகாராஜா 1940-ல் காலமானார். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 வாக்கில் அந்த யோகசாலையும் மூடப்பட்டது. ஆனால் யோகா அழியவில்லை. ஐயங்கார் புனேயில் சொல்லிக்கொடுத்தார், ஜோயிஸ் மைசூருவிலேயே, கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில். யோகாவுக்கு ஒரு பாயும் ஒரு குருவும் இருந்தால் போதும். ஆதரவு நின்றாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் பிழைத்துக்கொள்ளும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படிப் பிழைக்காது. வால்ட் மேசை, ஸ்பிரிங் ஃப்ளோர், ஸ்பாஞ்சுக் குழி, கோச், பிசியோ, வருஷத்துக்குச் சில சர்வதேசப் போட்டிகள், இவை எல்லாம் ஒரே நேரத்தில், இடைவெளி இல்லாமல் வேண்டும். ஒன்று நின்றாலும் வீரரின் வயசு நிற்காது.

அதனால் அடுத்த முறை ஒரு இந்திய ஜிம்னாஸ்ட் பதக்கம் வாங்கிய செய்தி உங்கள் போனில் வரும்போது, வாழ்த்தோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அவருக்கு இப்போது என்ன வயசு? இதே கோச் அடுத்த வருஷமும் இருப்பாரா? அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை சர்வதேசப் போட்டிக்கு அவரை அனுப்பப் போகிறார்கள்?

2010 நவம்பரில் ஆஷிஷ் குமாருக்காக இந்த மூன்றையும் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். அப்போது நாம் பதக்கத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.