கட்டுத்தறியிலிருந்து காப்புக்காட்டுக்கு
எம்.ஆர்.பாளையம் யானைகள் மறுவாழ்வு மையம் – ஒரு வரலாறு

திருவரங்கத்தில் விடியற்காலை விசுவரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் வந்து நிற்கும். ஆனி ஜேஷ்டாபிஷேகத்தன்று காவிரி நீர் நிறைந்த தங்கக்குடம் யானைமீது வரும். நமக்கு யானை வீட்டுப்பிள்ளை. அந்தப் பிள்ளை நோயுற்றால், முதுமையடைந்தால், வைத்திருப்பவரால் பேண இயலாமற்போனால் எங்கே போகும்? அதற்கான விடைதான், திருச்சி அருகே சமயபுரம் தாண்டிச் சிறுகனூர்ப் பக்கம், வனத்துறை எம்.ஆர்.பாளையம் காப்புக்காட்டில் நடத்தும் இந்த மையம்.

யானைக்கென்று சட்டம் செய்ததில் சென்னை மாகாணம் முன்னோடி. 1873-லேயே இங்கே காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1879-ல்தான் வந்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 1977-ல் யானை முதல் அட்டவணைக்கு உயர்ந்தது. ஆயினும் கட்டுத்தறியில் நிற்கும் யானையின் அன்றாடம் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 2003-ல் முதுமலையில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் தொடங்கியது. வளர்ப்பு யானைகளின் உணவு, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றுக்குத் தமிழக அரசு 2011-ல் தனி விதிகள் வகுத்தது.

2018 மே மாதம் சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மசினி யானையால் அதன் பாகனே உயிரிழந்தார். தாயைப் பிரிந்து முதுமலையில் வளர்ந்த மசினி, மீண்டும் முதுமலைக்கே அனுப்பப்பட்டது. திருச்சி மக்கள் மனத்தில் ஆறாத வடு அது. மறு ஆண்டு, 2019-ல், எம்.ஆர்.பாளையம் மையம் செயற்படத் தொடங்கியது. காஞ்சி மடத்துக்குரிய சந்தியா, இந்து, ஜெயந்தி ஆகிய மூன்று யானைகள் இங்கே வந்து சேர்ந்தன. கருங்கல் தளத்தில் நின்று பழகிய கால்களுக்கு மண் கிடைத்தது. தனித்து நின்ற உயிருக்குத் தன்னினத் துணை கிடைத்தது.

இந்த மையம் காப்பது யானையை மட்டுமன்று; மனிதரையும்தான். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. துதிக்கையால் ஆசி பெற ஒரு நாளில் எத்தனை தலைகள் குனிகின்றன! இரவும் பகலும் உடனிருக்கும் பாகனுக்கோ ஆபத்து இன்னும் அதிகம். யானையின் நலமும் ஊரின் நலமும் இரண்டல்ல.

2022-ல் திருத்தப்பட்ட அதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், உரிமைச் சான்று பெற்ற யானையைச் சமயத் தேவைக்கோ வேறு தேவைக்கோ கைமாற்ற வழிவிட்டது. அதற்கான விதிகள் 2024-ல் வந்தன. அந்த வழி வணிகத்துக்கு வாசலாகிவிடக் கூடாது. ஒவ்வொரு வளர்ப்பு யானைக்கும் அதன் பாகனுக்கும் ஆண்டுதோறும் காசநோய்ப் பரிசோதனையைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். முதுமையும் நோயும் கண்ட யானைக்கு ஓய்வு உரிமையாக வேண்டும்.

யானையை வணங்கும் ஊர் நம்முடையது. வணங்கும் கைகளே அதற்காகச் சட்டத்தின் கதவையும் தட்டட்டும்.