சல்லிக் கரையும் பொதிகளின் கதையும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சென்று, நிலாவெளி வீதியை விட்டுக் கடற்பக்கம் திரும்பினால் சல்லிக் கிராமம். கடற்றொழிலை நம்பிய ஊர். கரையோரத்தில் முத்துமாரியம்மன் கோயில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். அன்று காலை கடல் ஊருக்குள் புகுந்தது.

தொடர்ந்து வந்த நாட்களில் திருகோணமலைக் கரையோர முகாம்களுக்குக் குறிப்பேட்டுடன் சென்ற செய்தியாளர்களில் நானும் ஒருவன். சுவர்களில் ஒட்டியும் பாடசாலைக் கொப்பிகளில் எழுதியும் வைத்திருந்த பெயர்ப் பட்டியல்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஒரே பெயர் தமிழில் ஒருவிதம், ஆங்கிலத்தில் வேறுவிதம். தாய் ஒரு முகாமில், பிள்ளை இன்னொன்றில் இருப்பார்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று அறியா.

இதே சிக்கலைக் கொழும்பிலே கணினித் துறையினர் சிலர் கையிலெடுத்தனர். 2003இல் தொடங்கப்பட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சூழ்ந்து திரண்ட தன்னார்வலர்கள், காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றை ஒன்றாகப் பதியும் ‘சகானா’ என்ற மென்பொருளைச் சில நாட்களுக்குள் இயங்கவைத்தனர். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது.

சில நாட்களில் எப்படி முடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அதிகம் பேசப்படாத ஒரு வரலாறு எனக்குப் புலப்பட்டது. சகானாவின் அடித்தளமான அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகிய மூன்றையும் அவர்கள் எழுதவில்லை. அவை முன்னரே எழுதப்பட்டு, எவரும் எடுத்து நிறுவத்தக்க நிலையில் காத்திருந்தன.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. யுனிக்ஸ் உலகில் பிறர் எழுதிய மென்பொருளை நிறுவுவது ஒருகாலத்தில் பெரும்பாடு. மூலநிரலைப் பெற்று, நமது கணினிக்கேற்பத் திருத்தி, அங்கேயே கட்டவேண்டும். 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’, மாறிய பகுதிகளை மட்டும் மீளக் கட்டும் வேலையை எளிதாக்கியது. ஆனால் ஒரு மென்பொருள் இன்னொன்றைச் சார்ந்திருக்கும். அது மூன்றாவதைச் சார்ந்திருக்கும். சரியான பதிப்பு இல்லையெனில் எதுவும் ஓடாது. அந்தச் சங்கிலியை அவரவரே தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

1990களில் இதற்கு இரு வழிகள் பிறந்தன. 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன், மென்பொருட்களைக் கட்டிமுடித்த பொதிகளாக வழங்கியது. ஒவ்வொரு பொதியிலும் அது எவற்றைச் சார்ந்தது என்ற குறிப்பும் இருந்தது. 1994இல் ஜோர்டன் ஹப்பார்ட் ஃப்ரீபிஎஸ்டிக்கு உருவாக்கிய ‘போர்ட்ஸ்’ ஒரு செய்முறைக் கோவை: மூலநிரல் எங்கே, என்ன திருத்தம், முன்னதாக எவை வேண்டும் என்பதை அது சொல்லும், கட்டுவது உங்கள் கணினி. 1997இல் நெட்பிஎஸ்டியினர் அதிலிருந்து ‘பிகேஜிசோர்ஸ்’ படைத்தனர். 1999இல் டெபியனின் 2.1 பதிப்புடன் வந்த ‘ஆப்ட்’, ஒரே கட்டளையில் சார்புகள் அனைத்தையும் தானே தேடிக் கொணர்ந்தது. எது எதைச் சார்ந்தது என்ற பட்டியலைச் சரியாகப் பேணியதே இவர்கள் அனைவரும் செய்த பணி.

அந்தப் பணியைச் செய்வோர் பெரும்பாலும் ஊதியமற்ற தன்னார்வலர்கள். அதன் ஆபத்து 2024 மார்ச்சில் தெரிந்தது. ‘எக்ஸ்இஸட்’ என்ற சிறு சுருக்க மென்பொருளை ஏறத்தாழத் தனியொருவராகப் பேணிக் களைத்திருந்தவருக்குக் கைகொடுப்பதாக வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்தபின் அதில் இரகசியக் கதவொன்றை வைத்துவிட்டார். கணினியில் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் காரணத்தைத் துருவியதால் அது அம்பலமாயிற்று. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுமுன் தடுத்தாயிற்று.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சகானாவுக்கு அளித்தது. தகுதியான விருது. ஆனால் அந்தப் பொதிகளை ஆண்டுக்கணக்காகக் கட்டிப் பேணியவர்களுக்கு அதில் பங்கில்லை.

சல்லியில் கடல் இப்போது அமைதியாகக் கிடக்கிறது. அடுத்த பேரிடருக்கான பட்டியலை அலை வந்தபின் தொடங்க முடியாது. அதைப் பேணுவோருக்கு அமைதிக் காலத்திலேயே கைகொடுக்க வேண்டும்.