பெய்ரூட் கல்லூரியும் மாணவரின் மனச்சாட்சியும்

அரபு இளைஞரின் அரசியல், சமய ஈடுபாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நாசர் காலத்திலிருந்தோ 2011ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளிலிருந்தோ தொடங்குகின்றனர். புராட்டஸ்டண்டுச் சபையினராகிய நாம் இன்னும் பின்னோக்கிச் செல்லுதல் தகும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி மிஷன் கல்லூரியொன்றின் வளாகத்திலேயே நிகழ்ந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1866இல் பெய்ரூட்டில் 16 மாணவருடன் சிரியப் புராட்டஸ்டண்டுக் கல்லூரியைத் தொடங்கினர். எச்சமயத்தாரும் இங்குப் பயின்று தம் நம்பிக்கையுடனேயே திரும்பலாம், ஆனால் நாங்கள் உண்மையெனக் கொள்வதை அறியாமல் திரும்ப இயலாது என்னும் கருத்தை முதல் தலைவர் தானியேல் பிளிஸ் 1871இல் வெளியிட்டார். பரந்த உள்ளந்தான், எனினும் ஆலய ஆராதனை எல்லார்க்கும் கட்டாயமாகவே இருந்தது.

1882 ஜூலையில் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றிய பேராசிரியர் எட்வின் லூயிஸ், அவ்வாண்டு மறைந்த டார்வினைப் புகழ்ந்துரைத்தார். விளைவு, அவர் பதவி விலக நேரிட்டது. மருத்துவ மாணவர் கூடி விண்ணப்பம் எழுதினர், வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவருள் பெரும்பாலோர் கிறிஸ்தவரே என்பதை மறத்தலாகாது. அரபு வேதாகமத்தை மொழிபெயர்த்த வான் டைக் அவர்களும் லூயிசுக்காகப் பதவி துறந்தார். நிர்வாகமோ மாணவரை இடைநீக்கம் செய்தது. வெளியேறியவருள் ஒருவரான ஜுர்ஜி சைதான் எகிப்து சென்று, 1892இல் ‘அல்ஹிலால்’ இதழைத் தொடங்கி, அரபு மக்களின் வரலாற்றுணர்வை வளர்த்தார். கல்லூரி இழந்த மாணவரை அரபுலகம் பெற்றுக்கொண்டது எனலாம்.

1908இல் துருக்கியப் பேரரசில் அரசமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சுதந்தரம், சமத்துவம் என்னும் சொற்கள் எங்கும் ஒலித்தன. மறு ஆண்டே முஸ்லிம் மாணவர் ஆலயத்துக்குச் செல்ல மறுத்தனர். யூத மாணவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். இது கிறிஸ்தவக் கல்லூரி, நிபந்தனையை அறிந்தே வந்தீர்கள் என்பது நிர்வாகத்தின் நிலை. ஆலயத்தில் வருகைப் பதிவு எடுத்துப் பழகிய நம்மவர்க்கு அவ்வாதம் புதிதன்று. ஆனால் மனச்சாட்சி தேவனுக்கு மட்டுமே கடன்பட்டது என்று அம்மாணவர்க்குக் கற்பித்தவரும் நாமல்லவா? கட்டாய விதி அன்று நீங்கவில்லை. உலகப்போரின்போது, 1915இல், துருக்கிய அரசின் ஆணை வந்த பின்னரே கிறிஸ்தவரல்லாதார்க்கு ஆராதனை விருப்பத்துக்குரியதாயிற்று. மனமுவந்து அளித்திருக்க வேண்டியதை அரசாணை பறித்துக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

தானியேல் பிளிஸின் மகன் ஹோவர்டு அப்போது தலைவராயிருந்தார். மிஷனரி பிற சமயத்தாரிடத்தும் மெய்யைக் கண்டு மதிக்க வேண்டுமென 1920இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார், அவ்வாண்டே மறைந்தார். அதே ஆண்டில் கல்லூரி, பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்னும் பெயரை ஏற்றது.