சொல்லுக்கு முன் தாளம்: மேல்கோட்டை மரபும் குழந்தை இசைக்கல்வியும்

0. முன்னுரை

குழந்தைக்கு இசை கற்பிக்கையில் சுரக்குறிப்புக்கு முன்னர்த் தாளத்தையும் விளையாட்டையும் வைக்க வேண்டும் என்னும் கருத்து, 20ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்விச் சிந்தனையின் கொடையாகவே பெரிதும் பேசப்படுகிறது. செனீவாவில் எமில் சாக் தால்குரோசு (1865-1950) உடலசைவின் வழியும், செருமனியில் கார்ல் ஓர்ஃப் (1895-1982) பேச்சு, அசைவு, தாளக்கருவி ஆகியவற்றின் வழியும், அங்கேரியில் சோல்தான் கோடாய் (1882-1967) தாய்மொழி நாட்டுப்பாடலின் வழியும் இசைக்கல்வியைத் தொடங்கினர். தமிழ் மரபில் இக்கருத்து நடைமுறையாக நெடுங்காலம் வழங்கியுள்ளது. கன்னட நிலத்தில் தமிழ்ப் பாசுரம் நிலைபெற்ற மேல்கோட்டையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மொழிச்சூழல்

1939இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மண்டியா மாவட்டத்தில் மேல்கோட்டை உள்ளது. வைணவர் இதனைத் திருநாராயணபுரம் என்பர். 12ஆம் நூற்றாண்டில் இராமானுசர் இங்குத் தங்கியதாக மரபு கூறுகிறது. இவ்வூர் ஐயங்கார் குடும்பங்களில் வீட்டுமொழி தமிழ். பள்ளிமொழியும் எழுத்தும் கன்னடம். வழிபாட்டில் ஆழ்வார்களின் பழந்தமிழ். இங்குப் பிறந்த பு.தி. நரசிம்மாச்சார் (1905-1998) தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு கன்னடப் பெருங்கவிஞராக விளங்கினார். தம் இசைநாடக நூலொன்றுக்காக 1966இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்.

2. சந்தை முறை

திவ்வியப் பிரபந்தத்தைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் முறைக்குச் 'சந்தை' என்று பெயர். வேதக் கல்வியிலும் இதுவே முறை. ஆசிரியர் ஒரு தொடரை ஒருமுறை சொல்ல, மாணவர் அதனை இருமுறை சொல்வர். முதலில் படிவன நீட்டல், குறுக்கல், நிறுத்தம் ஆகியவை. பொருளும் வியாக்கியானமும் பின்னரே வரும்.

இம்முறையின் இன்றியமையாமை எழுத்துச் சூழலால் மேலும் விளங்கும். பிரபந்தம் கன்னட எழுத்திலும் அச்சாகியுள்ளது. ஆனால் ழகர, றகரங்களுக்கு உரிய பழைய எழுத்துகள் இன்றைய கன்னட நெடுங்கணக்கில் வழக்கிழந்துவிட்டன. எனவே கன்னட எழுத்தை மட்டும் அறிந்த சிறுவனுக்குப் பாசுரத்தின் ஒலியை ஏடு முழுமையாகத் தர இயலாது. செவியே தர வேண்டும். சந்தை அறுபடின் நூல் எஞ்சும், ஒலி எஞ்சாது.

இயலாகச் சேவிப்பதோடு, தாளம் ஏந்திப் பாடும் அரையர் மரபும் திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகியவற்றோடு மேல்கோட்டையிலும் அறியப்பட்டதாகும். அது குடும்பவழிக் கலையாதலின், அங்கும் கற்றல் கேட்டலில்தான் தொடங்குகிறது.

3. பாசுரத்துள் விளையாட்டு

பிரபந்தத்தின் தொடக்கப் பகுதியான பெரியாழ்வார் திருமொழியில் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை ஆகியவை முறையே அமைந்துள்ளன. தொட்டிலில் அசைதல், தலையசைத்து ஆடுதல், கைகொட்டல், நடத்தல் எனக் குழந்தையின் உடல் வளர்ச்சியையே இவ்வரிசை பெரிதும் பின்பற்றுகிறது. சப்பாணிப் பாசுரங்கள் கைகொட்ட அழைக்கும் தொடரில் முடிகின்றன. தொடர் திரும்ப வருவதால், பொருளறியாக் குழந்தையும் கைகொட்டும் இடத்தை எதிர்நோக்கக் கற்றுக்கொள்ளும். தாள உணர்வு என்பது இந்த எதிர்நோக்கே எனலாம். பிற்காலப் பிள்ளைத்தமிழ் இவ்விளையாட்டுகளைப் பருவங்களாக வகுத்துக்கொண்டது.

4. சொற்கட்டும் சீர் வாய்பாடும்

தென்னக இசைப் பயிற்சியில் தாளம் முதலில் நாவில் வைக்கப்படுகிறது. 'தகிட' மூன்று; 'தகதிமி' நான்கு; 'தகதகிட' ஐந்து; 'தகிடதகதிமி' ஏழு. இவ்வசைகள் குறில்களால் ஆனவை. அடுத்தடுத்த அசைகளின் ஒலிப்பிடமும் மாறுகிறது. பல்லிடத்துத் தகரத்தை அடுத்துக் கடையண்ணக் ககரம் வருவதால் நா ஓரிடத்தே தங்குவதில்லை, விரைவு எளிதாகிறது. எண்ணத் தெரியாத குழந்தையும் இச்சொற்களைச் சொல்லிக் கைதட்டியே ஐந்தையும் ஏழையும் பிரித்தறியும்.

தேமா, புளிமா முதலிய சீர் வாய்பாடுகளும் இவ்வகையினவே. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. அசை பிரித்தால் 'தகிட' என்பது நிரைநேராகிப் புளிமாவோடு ஒக்கும். ஆயினும் 'தகிட' மூன்று மாத்திரை, 'புளிமா' நான்கு. யாப்பு அசையை எண்ணுகிறது; சொற்கட்டு மாத்திரையை எண்ணுகிறது.

தொடக்கப் பாடங்களான சரளி வரிசை, அலங்காரம் முதலியவற்றை வகுத்தவர் கன்னடப் பாவலரான புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. அவர் பெயரால் வழங்கும் கீதங்களையே தமிழகக் குழந்தையும் முதலிற் பாடுகிறது. மேல்கோட்டைச் சிறுவன் பள்ளிமொழியல்லாத பழந்தமிழை ஓதுகிறான். தமிழகச் சிறுமி வீட்டுமொழியல்லாத கன்னட மரபில் தொடங்குகிறாள். இருவர்க்கும் முதலிற் பிடிபடுவது ஓசையளவே.

5. முடிவுரை

தாய்மொழிப் பாட்டே முதலில் வேண்டும் என்றார் கோடாய். மேல்கோட்டைச் சான்று அதனை மறுக்கவில்லை, செப்பம் செய்கிறது. மொழி வேறாயினும், தாளம் உடலிலும் நாவிலும் முன்னரே பதிந்திருப்பின் குழந்தை அதனை ஏற்கும். பொருள் பின்னர் வந்து சேரும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பயன்படும். சிறுவர் ஆடற்பாட்டைப் பெயர்ப்போர் சொற்பொருளைக் காக்கும் முயற்சியில், கைகொட்டும் இடத்தை இழந்துவிடுவதுண்டு. அவ்விடம் இழந்தபின் பாட்டைப் படிக்கலாம், ஆட இயலாது. ஆகவே இத்தகைய பாட்டில் முதலிற் பெயர்க்கத்தக்கது அளவு, அடுத்தது மீள்தொடர், அதன் பின்னரே சொல் என்பது கருதத்தக்கது.